பழைய மின்னொளிக் கோபுரங்களுக்கு ஏங்குதல் தகுமா? – ஓர் அறவியல் நோக்கு

பயன்பாடு முடிந்த ஒரு பொருளுக்காக மனிதன் வருந்தலாமா என்னும் வினா முதற் பார்வைக்கு அற்பமானதாகவே தோன்றும். இறந்தோர்க்காக வருந்துவதை எல்லாச் சமுதாயங்களும் ஏற்றுக்கொள்கின்றன. எரிந்த நூலகத்துக்காகவோ இடிந்த கோயிலுக்காகவோ வருந்துவோரை எவரும் நகைப்பதில்லை. ஆனால், ஓர் உதைபந்தாட்ட மைதானத்தின் நான்கு மூலைகளிலும் நின்ற இரும்புக் கோபுரங்களைக் கழற்றி இறக்கிவிட்டார்கள் என்பதற்காக ஒருவர் மனம் நோவாராயின், அந்நோவை நாம் எந்த வகையிற் சேர்ப்பது? அது துயரமா, பழக்கத்தின் முனகலா, அல்லது ஆராய்ந்து பார்க்கவேண்டிய உண்மை ஏதேனும் அதனுள் மறைந்து கிடக்கின்றதா? இவ்வினா எனக்கு எழுந்தது மெய்யியல் வகுப்பறையில் அன்று. எங்கள் வீட்டுத் தொலைபேசி வாயிலாகவே எழுந்தது.

எனது தாய்மாமன் 1985இல் இங்கிலாந்துக்குச் சென்றவர். வட இங்கிலாந்தின் ஆலைநகர் ஒன்றில், கீழ்ப்பிரிவுக் கழகமொன்றின் மைதானத்துக்கு இரண்டு தெருக்கள் தள்ளி, மேல்மாடி அறையொன்றில் வேறு மூவருடன் குடியிருந்தார். அந்நகரின் தெருக்கள் யாவும் ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற செங்கல் வீடுகளாய் நீண்டு கிடக்குமாம். இரவு வேலை முடிந்து பஸ்ஸில் வரும் புதியவன் எங்கே இறங்குவது என்று அறியாது திகைப்பான். மாமாவுக்கு அத்திகைப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. பஸ்ஸின் கண்ணாடிக்கூடாக அந்நான்கு கோபுரங்களும் தென்படும். அவற்றுள் இரண்டு ஒன்றன்பின் ஒன்றாக மறைந்து ஒரே கோபுரம் போலத் தோன்றும் இடத்தில் மணியை அடித்து இறங்கினால் வீடு கிட்ட. சில ஆண்டுகளுக்கு முன்னர் அக்கோபுரங்கள் கழற்றப்பட்டு, விளக்குகள் அரங்குகளின் கூரை விளிம்பிலே பொருத்தப்பட்டன. “ஊரே குருடாய்ப் போச்சுது, தங்கச்சி” என்று அவர் எனது தாயாரிடம் கூறியபோது அவரது குரல் உண்மையாகவே தழுதழுத்தது. வியப்பு யாதெனில், அத்தனை ஆண்டுகளில் மாமா அந்த மைதானத்தினுள் ஒரு தடவையேனும் காலடி வைத்தவரல்லர்.

ஏங்கப்படும் பொருள் யாதென்று அறியாமல் ஏக்கத்தை எடைபோடுதல் இயலாது. ஆகவே இக்கோபுரங்களின் கதையைச் சிறிது நோக்குவோம்.

1878ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 14ஆந் திகதி, ஷெபீல்ட் நகரின் பிரமல் லேன் மைதானத்தில் மின்னொளியில் ஓர் உதைபந்தாட்டம் நடைபெற்றது. மூலைகளில் மரக்கோபுரங்களை எழுப்பி, அவற்றின்மேல் மின்வில் விளக்குகளை ஏற்றி, நீராவி எந்திரங்கள் சுழற்றிய டைனமோக்களிலிருந்து அவற்றுக்கு மின்சாரம் ஊட்டினர். வீடுகளுக்கு மின்விளக்கு வந்திராத காலம் அது. ஏறத்தாழ 20,000 பேர் அங்கு திரண்டனர் என்பர். அவர்களுட் பல்லாயிரவர் காசு கொடாமலே பார்த்தனர் என்றும் கூறுவர். புதுமை ஆயினும் அது நிலைக்கவில்லை. 1930இல் இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் தனது உறுப்புக் கழகங்கள் மின்னொளியில் ஆடுவதையே தடைசெய்தது. ஆர்சனல் கழகத்தின் முகாமையாளர் ஹேர்பேட் சப்மன் 1932இல் ஹைபரி மைதானத்திலே விளக்குகளைப் பொருத்திப் பார்த்தார். முறையான ஆட்டங்களுக்கு அவற்றைப் பயன்படுத்த, 1934இல் அவர் இறக்கும்வரை அனுமதி கிடைக்கவேயில்லை.

1950இல் தடை நீங்கியது. அதன்பின் நிகழ்ந்தவை விரைவாக நிகழ்ந்தன. வுல்வர்ஹம்ப்ரன் கழகம் 1953இல் விளக்குகளை ஏற்றி, அவ்வொளியில் மின்னும் துணியிலே பொன்னிறச் சட்டைகள் தைத்து, வெளிநாட்டுக் கழகங்களை அழைத்து ஆடியது. 1954 டிசெம்பர் 13ஆந் திகதி இரவு, புஸ்காஸ் முதலிய ஹங்கேரிய மேதைகள் ஆடிய ஹொன்வெட் கழகத்தை அது 3 – 2 என வென்றது. அவ்வெற்றியைக் கண்டு ஆங்கிலப் பத்திரிகைகள் அடித்த தம்பட்டத்தைப் பொறாத கப்ரியேல் ஹனோ என்னும் பிரெஞ்சுப் பத்திரிகையாளர், ஐரோப்பியக் கழகங்களுக்கிடையே ஒரு போட்டி நடத்துமாறு வற்புறுத்தினார். 1955இல் ஐரோப்பியக் கிண்ணம் பிறந்தது. 1956 பெப்ரவரி 22ஆந் திகதி போர்ட்ஸ்மத்தில், ஆங்கில லீக் ஆட்டம் ஒன்று முதன்முதலாக மின்னொளியில் ஆடப்பட்டது. மன்செஸ்ரர் யுனைற்றட் கழகமோ தனக்கென விளக்கில்லாமையால், 1956 – 57 பருவத்தில் தன் ஐரோப்பிய ஆட்டங்களுக்கு அயல்வீட்டானாகிய மன்செஸ்ரர் சிற்றியின் மைதானத்தை இரவல் கேட்க நேர்ந்தது. 1957இல் அது 180 அடி உயரமான நான்கு கோபுரங்களை எழுப்பியது. ஒவ்வொன்றிலும் 54 விளக்குகள். 1987இல் அவை கழற்றப்பட்டன.

ஈண்டு ஒரு முரண் கண்ணிற் படுகின்றது. மூதாதையர் சொத்துப்போல ஏங்கப்படும் அக்கோபுரங்களின் ஆயுள் முப்பது ஆண்டு மாத்திரமே. ஒரு தென்னையின் வயதுகூட இல்லை. அவை தாமே ஒரு காலத்திற் புதுமையாக இருந்தவை. பழமையின் பேரால் இருபது ஆண்டுகள் தடுத்து வைக்கப்பட்டவை. சனிக்கிழமைப் பிற்பகலின் இயற்கையொளிக்காக ஏங்கியவர்களின் குரலை மீறியே அவை எழுந்தன. அப்படியாயின், அவற்றுக்காக இன்று ஏங்குவோர் எந்த நியாயத்தின்மீது நிற்கின்றனர்? பழையது என்பதே நியாயமாயின், அந்நியாயம் முதலில் அக்கோபுரங்களையே வீழ்த்தியிருக்கும்.

இவ்வகை ஏக்கத்துக்கு மேலைநாட்டு அறிஞர் பெயரிட்ட வரலாறும் நோக்கற்பாலது. 1688இல் ஜொஹானஸ் ஹோபர் என்னும் மருத்துவ மாணவர், பாசல் பல்கலைக்கழகத்துக்குச் சமர்ப்பித்த ஆய்வில், கிரேக்க மொழியில் மீளுகையையும் நோவையும் குறிக்கும் இரு சொற்களை இணைத்து, அதனை ஒரு நோயாகவே வகுத்தார். ஊரைப் பிரிந்தோர்க்கு வரும் அந்நோய்க்கு ஊர் திரும்புதலே மருந்து என்பது அக்காலக் கருத்து. நூறாண்டுகளுக்குப் பின், இம்மானுவேல் கான்ற் 1798இல் வெளியிட்ட மானிடவியல் நூலில் ஒரு திருத்தம் கூறினார். ஊர் திரும்பியோரும் ஏமாற்றமே அடைகின்றனர். ஏனெனில் அவர்கள் நாடியது இடத்தையன்று, அங்கே கழிந்த தம் இளமையை என்றார். நம்மவர் இதனை நனவிடை தோய்தல் என அழகாகச் சொல்வதுண்டு. தோய்பவன் அறிவான், நீர் குளத்துக்குரியது, குளிர் தனக்குரியது என்று.

கான்றின் விளக்கம் மாமாவுக்குப் பொருந்துமா? முதலிற் பொருந்துவது போலவே எனக்குத் தோன்றியது. அவருக்கு அப்போது வயது இருபத்திரண்டு. கோபுரங்கள் போயின, வயதும் போயிற்று. இரண்டையும் ஒன்றாகக் கட்டி அழுகிறார் எனக் கூறிக் கட்டுரையை முடித்திருக்கலாம். ஆனால் இவ்விளக்கம் எல்லா ஏக்கங்களையும் ஒரே வாயால் விழுங்கிவிடுகின்றது. எதை இழந்தாலும் “நீ இழந்தது உன் இளமையை” என்று சொல்லிவிட்டால், இழந்த பொருளைப்பற்றி எவரும் பேசவேண்டிய தேவையே இராது. கோபுரத்தை அகற்றியவனுக்கு இதைவிட வசதியான மெய்யியல் வேறு கிடைக்காது.

இனி இவ்விடயத்தின் கடினமான பகுதிக்கு வருவோம். அக்கோபுரங்கள் தனியே நிற்கவில்லை. அவற்றின் காலடியில் ஒரு மைதானம் இருந்தது. அது எத்தகைய மைதானம் என்பதை மறந்து கோபுரத்தை மாத்திரம் நினைவுகொள்ளல் நேர்மையாகாது. 1985 மே 11ஆந் திகதி பிராட்போர்ட் நகரில், மரத்தாலான பழைய அரங்கொன்று ஆட்டம் நடந்துகொண்டிருக்கையிலே தீப்பற்றியது. பல ஆண்டுகளாக இருக்கைகளின் அடியிற் சேர்ந்து கிடந்த குப்பையே எரிபொருளாயிற்று. சில நிமிடங்களில் அரங்கு முழுவதும் எரிந்தது. 56 பேர் மாண்டனர். அவ்வரங்கைத் திருத்துவதற்கான உருக்கு அதற்கு முன்னரே வந்து சேர்ந்திருந்தது என்பது நெஞ்சைப் பிழியும் செய்தி. 1989 ஏப்ரல் 15ஆந் திகதி, அதே ஷெபீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில், கம்பிவேலிகளால் அடைக்கப்பட்ட படிக்கட்டுகளில் நின்ற லிவர்பூல் இரசிகர்கள் நசுங்குண்டனர். மாண்டோர் தொகை 97. அவர்களுள் இறுதியானவர் அன்று பெற்ற காயங்களின் விளைவால் 2021இல் இறந்தவர். அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டனர் என்று மரண விசாரணை யூரிமார் 2016இலேதான் தீர்ப்பளித்தனர். பழி முழுவதையும் இரசிகர்மீது சுமத்தியோரின் பொய் அதற்குள் இருபத்தேழு ஆண்டுகள் வாழ்ந்துவிட்டது.

1990 ஜனவரியில் வெளிவந்த நீதியரசர் ரெய்லரின் இறுதி அறிக்கை, பெரிய மைதானங்களில் யாவரும் இருந்து பார்க்கும் ஏற்பாட்டை விதந்துரைத்தது. நின்று பார்க்கும் படிக்கட்டுகள் பெயர்க்கப்பட்டன. புதிய அரங்குகள் உயர்ந்தன. தூணில்லாக் கூரைகள் முன்னோக்கி நீண்டன. வெறுமையாய்க் கிடந்த மூலைகளும் ஆசனங்களால் நிரம்பின. கோபுரம் நிற்பதற்கு இடமும் இல்லை. கூரை விளிம்பே விளக்கைத் தாங்கும்போது கோபுரத்துக்குத் தேவையும் இல்லை. நியாயமாகச் சொல்வதாயின், எல்லாக் கோபுரங்களும் இக்காரணத்தால் வீழ்ந்தனவல்ல. மன்செஸ்ரரின் கோபுரங்கள் அவ்வறிக்கைக்கு முன்னரே போய்விட்டன; தொலைக்காட்சி வேண்டிய சீரான ஒளியும் துருவேறிய இரும்பின் பராமரிப்புச் செலவும் தம் பங்கைச் செய்தன. அவ்விரு பேரிடர்களும் பட்டப்பகலில் நிகழ்ந்தவை என்பதையும் சொல்லவேண்டும், விளக்குகள் குற்றமற்றவை. எனினும், பல மைதானங்களிற் கோபுரம் மறைந்ததும் மனித உயிர் மதிக்கப்படலானதும் ஒரே திருத்த வேலையின் இரு பகுதிகளாக இருந்தன. அங்கே ஒன்றுக்காக ஏங்கி மற்றொன்றை ஏற்பது எளிதன்று. “அந்தக் காலத்து மைதானம்” என்று பெருமூச்சு விடுபவன், மகனைப் பறிகொடுத்த ஒரு தாயின் முன்னிலையில் அதே பெருமூச்சை விடுவானா என்பதே நான் கேட்கும் வினா.

மாமாவிடமும் இதனைக் கேட்டேன். இவ்வளவு கடுமையாக அல்ல. அவர் கூறிய மறுமொழி என்னை மேலும் குழப்பியது. அக்கோபுரங்களின் விளக்குகள் எரியும் இரவுகளில் தாமும் அறைத்தோழரும் வெளியே இறங்குவதேயில்லை என்றார். எண்பதுகளில் அந்நாட்டு மைதானங்களிலும் அவற்றைச் சூழ்ந்த தெருக்களிலும் கறுப்பினத்தவரும் ஆசியரும் பட்ட இழிவு மறைக்கக்கூடியதன்று. லிவர்பூலுக்கு ஆடிய ஜோன் பார்ன்ஸை நோக்கி வாழைப்பழம் வீசப்பட்டதையும், அவர் அதனைப் பின்காலால் தட்டிவிட்டதையும் காட்டும் 1988ஆம் ஆண்டுப் படத்தை அறியாதோர் சிலரே. பெயரும் புகழும் பெற்ற ஆட்டக்காரனுக்கே அந்நிலையெனின், இரவுவேலை முடித்துவரும் அகதி இளைஞனுக்கு என்ன நிலை? செவ்வாய்க்கிழமை இரவில் வானம் வெளுத்தால் மாமா அன்றைய பாணை முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுவாராம். திரைச்சீலையை மூடினாலும் சுவரில் வெளிச்சம் விழும். ஆரவாரம் எழும்போது யாரோ கோல் அடித்துவிட்டார் என்று தெரியும். யார் என்று தெரியாது. ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்து விளக்குகள் அணையும்வரை நால்வரும் தாழ்ப்பாளிட்டு இருப்பர்.

ஆக, வீட்டுக்கு வழிகாட்டியதும் வீட்டினுள் அடைத்து வைத்ததும் அதே கோபுரங்களே. இரண்டையும் அவர் ஒரே மூச்சில் சொன்னார். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை விழுங்கவில்லை. எனக்கு வேண்டிய விடையின் ஒரு பாதி இங்கே கிடைத்தது எனலாம். மாமாவின் ஏக்கம் நல்ல காலத்துக்கான ஏக்கம் அன்று. அக்காலம் அவருக்கு நல்லதாக இருக்கவேயில்லை.

மற்றப் பாதி எனது தாயாரிடமிருந்து வந்தது. மாமா குரல் தழுதழுத்த அன்றே அவர் சட்டென்று சொன்னார்: “அண்ணை, நீங்கள் வெளிச்சத்தைக் கழட்டினதுக்கு அழுறியள். நாங்கள் இஞ்ச வெளிச்சமே இல்லாமல் எத்தினை வருசம் இருந்தனாங்கள்!” 1990இல் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது, பின் பல ஆண்டுகள் வரவில்லை. மண்ணெண்ணெயும் அரிதாயிற்று. ஜாம் போத்தலினுள் பஞ்சை இட்டு, அது நனையும் அளவுக்கு மாத்திரம் எண்ணெய் விட்டு, திரி கொளுத்திய விளக்கிலே அம்மா உயர்தரப் பரீட்சைக்குப் படித்தவர். வானொலி கேட்பதற்குத் துவிச்சக்கரவண்டியைக் கவிழ்த்து வைத்து, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, டைனமோவில் மின்சாரம் எடுத்தார்கள். 1878இல் ஷெபீல்டில் நீராவி செய்த வேலையை 1990களில் எமது ஊர்ப் பிள்ளைகளின் கை செய்தது.

தொலைபேசியை வைத்தபின் அம்மா அந்த விளக்கைப் பற்றிப் பேசத் தொடங்கினார். ஒரு விளக்கைச் சுற்றி ஐந்துபேர் குந்தியிருந்து படித்ததையும், சுவரில் எழுந்த நிழல்களுக்கு மாமி ஒருவர் பட்டப்பெயர் வைத்ததையும் சொல்லிச் சிரித்தார். “இப்ப ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு லைற்” என்றார். நானும் உற்சாக மிகுதியால், “அப்ப அந்தக் காலம்தான் நல்லது, என்னம்மா?” என்று கேட்டுவிட்டேன். அவரது முகம் மாறிவிட்டது. “விசர்க்கதை கதையாதை. உனக்கென்ன தெரியும்?” என்று எழுந்து போய்விட்டார்.

நான் செய்த பிழை யாது? அவர் ஒரு நினைவைச் சொன்னார். நான் அதை ஒரு தீர்ப்பாக மாற்றினேன். அந்த விளக்கு எனக்கு அருமையாக இருந்தது என்பது ஒரு கூற்று. அந்த விளக்கின் காலம் மேலானது என்பது முற்றிலும் வேறொரு கூற்று. முன்னதிலிருந்து பின்னது தருக்கமுறைப்படி பெறப்படமாட்டாது. ஆயினும் ஏக்கத்தின் மொழியில் இவ்விரண்டும் ஒட்டியே வருகின்றன. அந்த ஒட்டை அறுப்பது கேட்பவனின் கடமை. குறிப்பாக, அக்காலத்தின் விலையைக் கொடாத எம் போன்றோரின் கடமை. அம்மாவுக்கு அவ்விளக்குக்காக ஏங்க உரிமையுண்டு. அவ்வேக்கத்தை வாங்கி அணிந்துகொண்டு, இருள்தான் எம்மை ஒன்றாக வைத்திருந்தது என மேடையிலே முழங்க எனக்கு உரிமை இல்லை. இங்கிலாந்திலும், படிக்கட்டில் ஒருநாளேனும் நின்றறியாத இளைஞர் சிலர் அக்கோபுரங்களின் படங்களைச் சேகரித்து “உண்மையான உதைபந்தாட்டம்” அதுவே என்று பேசுவதுண்டு. அழகுக்காகச் சேகரிக்கின்றனராயின் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த “உண்மை” என்னும் சொல்லினுள் 97 பேரும் 56 பேரும் அடங்குவரா என்று அவர்களிடம் கேட்கவேண்டியுள்ளது.

இத்துடன் நிறுத்தினால் மறுபக்கத்தாருக்கு அநீதி செய்தவனாவேன். முன்னேற்றத்தின் பேரால் பேசுவோர், இழக்கப்பட்டது எதுவுமே இல்லை என்கின்றனர். அதுவும் உண்மையன்று. ஒளியின் திசையை நோக்குக. பழைய கோபுரம் ஊருக்குமேல் உயர்ந்து நின்றது. நுழைவுச் சீட்டு வாங்கியவனுக்கும் வாங்காதவனுக்கும், நோயாளிக்கும், பஸ்ஸில் வந்த அந்நியனுக்கும் அது தெரிந்தது. இன்று இங்கே ஏதோ நிகழ்கிறது என்று ஊர் முழுவதற்கும் அறிவித்தது. 1878இல் காசு கொடாத பல்லாயிரவரை இழுத்ததும் அவ்வொளியே. கூரை விளிம்பின் புதிய விளக்குகளோ கீழ்நோக்கியும் உள்நோக்கியும் திருப்பப்பட்டவை. ஓர் ஒளிக்கீற்றும் வெளியே சிந்தாதிருத்தலே அவற்றின் திறமை. அயலவரின் உறக்கத்துக்கு இது நல்லது என்பதை மறுக்கவில்லை. மாமாவின் திரைச்சீலையே சாட்சி. ஆயினும், ஊருக்குப் பொதுவாயிருந்த ஒரு காட்சி, கட்டணம் செலுத்தியோரின் காட்சியாகச் சுருங்கியது. இங்கிலாந்தின் மேற்பிரிவில் ஆட்டம் பார்ப்பது பாட்டாளிக்கு எட்டாத விலைக்கு ஏறிய அதே காலத்தில் இது நிகழ்ந்தது என்பதையும் கருத்திற்கொள்ள வேண்டும். நீதியரசர் ரெய்லர் ஆசனங்களைக் கேட்டார். அவற்றின் விலையை உயர்த்துமாறு அவர் கேட்கவில்லை. ஆகவே இங்கு ஏக்கம் ஒரு குறையைச் சுட்டுகின்றது. அதனை இளமையின் மாயை என ஒதுக்கியிருப்பின் இக்குறை எம் கண்ணிற் பட்டிராது. கான்றுடன் எனக்குள்ள பிணக்கு இதுதான்.

சென்ற ஆண்டு மாமாவின் மகள் இரண்டு சீட்டுகளை வாங்கி, அவரைச் செவ்வாய்க்கிழமை இரவு ஆட்டமொன்றுக்கு அழைத்துச் சென்றார். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக வெளியே நின்றவர், கோபுரங்கள் போனபின்னரே உள்ளே போனார். ஆட்டத்தைப் பற்றி அவர் அதிகம் சொல்லவில்லை. பக்கத்து ஆசனத்திலிருந்த வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் தேநீர் வாங்கிக் கொடுத்தாராம். “உள்ளுக்கை பகல் மாதிரி. வெளியில வந்து திரும்பிப் பாத்தா, மைதானம் எங்கை எண்டே தெரியேல்லை” என்றார்.

நான் படித்தறிந்த ஒன்றை அப்போது அவருக்குச் சொன்னேன். நான்கு மூலைகளிலிருந்தும் ஒளி விழுந்த காலத்தில், ஒவ்வோர் ஆட்டக்காரனின் காலடியிலிருந்தும் நான்கு நிழல்கள் நான்கு திசைகளில் விரிந்து கிடக்கும். அவன் ஓடும்போது அவையும் நீண்டும் குறுகியும் உடன் ஓடும். மாமா சிறிது நேரம் பேசாதிருந்தார். “உண்மையாவோ? எனக்குத் தெரியாதே” என்றார். ஒரு படம் கிடைத்தால் அனுப்பிவிடும்படி சொன்னார், தேடி அனுப்பினேன்.